நாமினி போட்டாயிற்று, இன்னும் உயில் எதற்கு?

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்கு 38 வயது, கணவருக்கு 42, மகளுக்கு 9. தாம்பரத்தில் இருவர் பெயரிலும் ஒரு ஃபிளாட். வீட்டுக் கடன் இன்னும் 11 வருடம் ஓட வேண்டும். கணவருக்கு அவர் அப்பா வழியில் கும்பகோணம் பக்கம் முக்கால் ஏக்கர் நஞ்சை. அப்புறம் உங்கள் நகை, இருவரின் பி.எஃப், கொஞ்சம் வைப்புத் தொகை, கணவர் பெயரில் ஒரு காப்பீடு. உங்கள் அப்பா இல்லை, அம்மா உங்களோடு இருக்கிறார். மாமனாரும் இல்லை, மாமியார் கணவரின் தம்பி வீட்டில் இருக்கிறார். "எல்லாத்துக்கும் நாமினி போட்டாச்சு, உயில் எல்லாம் அறுபதுக்கு மேல பார்த்துக்கலாம்" என்கிறார் கணவர். உயில் அவசியமா, எழுதினால் பதிவு செய்ய வேண்டுமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "எனக்கு ஏதாவது ஆயிட்டா அம்மா எங்கே போவாங்கன்னு நினைச்சா தூக்கம் வரலை" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அதுதான். மற்ற இரண்டுக்கும் பதில் அதிலிருந்தே வந்துவிடும்.

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் 26 வருடமாக உரிமையியல் வழக்கு நடத்துகிறவன். என்னிடம் வரும் கட்டுகளில் பாதி பாகப்பிரிவினை. அந்தக் குடும்பங்களில் பெரும்பாலும் கெட்டவர்கள் யாரும் இல்லை. எதுவும் எழுதாமல் போன ஒருவர், அவர் மனதில் என்ன இருந்தது என்று ஆளுக்கொன்றாக நம்பும் நான்கு பேர், அவ்வளவுதான். இந்துக் குடும்பம் என்று நீங்கள் சொல்லியிருப்பதால் அந்தச் சட்டத்தை வைத்தே பேசுகிறேன்.

உயில் எழுதாதவருக்கும் ஓர் உயில் இருக்கிறது. 1956-இல் நாடாளுமன்றம் எழுதியது. அதற்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் என்று பெயர். உங்களுக்கு உயில் தேவையா என்பதை முடிவு செய்ய ஒரே வழி, அந்தச் சட்டம் உங்கள் வீட்டில் யாருக்கு என்ன கொடுக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான். அது உங்களுக்குச் சம்மதமென்றால் எழுத வேண்டாம். சம்மதமில்லையென்றால் இன்றைக்கே எழுத வேண்டும்.

முதலில் கணவர் பக்கம். அவர் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய சொத்து மனைவி, பிள்ளைகள், தாய் மூவருக்கும் சம பங்காகப் போகும். "எனக்கப்புறம் எல்லாம் என் மனைவிக்குத்தானே" என்று நினைக்கும் ஆண்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஃபிளாட்டில் இருவருக்கும் பாதிப் பாதி என்று வைத்துக்கொண்டால், அவருடைய பாதி மூன்றாகப் பிரிந்து, மொத்த வீட்டில் ஆறில் ஒரு பங்கு உங்களுக்கு, ஒரு பங்கு மகளுக்கு, ஒரு பங்கு மாமியாருக்கு. பிறகு மாமியாரும் எழுதாமல் காலமானால் அவருடைய பங்கு கொழுந்தனாருக்கும், இறந்த மகனின் பிள்ளை என்ற முறையில் உங்கள் மகளுக்கும் பிரியும். நீங்கள் கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டில் கொழுந்தனாரும் ஒரு பங்காளி. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் வீட்டை விற்க வேண்டி வரும் நாளில் அவருடைய கையெழுத்து இல்லாமல் பத்திரம் நடக்காது.

தாய்க்குப் பங்கு கொடுப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பெற்றவளுக்கு உரிமை உண்டு, அதைச் சட்டம் மதிப்பது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஃபிளாட்டில் ஆறில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வார்? மாதச் செலவுக்கு ஆகும்படி ஒரு வைப்புத் தொகையையோ, நஞ்சை வருமானத்தையோ அவர் பெயருக்கு எழுதி வைத்தால் அவருக்கும் நிம்மதி, வீடும் சிக்கலில்லாமல் உங்களிடம் இருக்கும். அந்த ஏற்பாட்டைச் சட்டம் தானாகச் செய்யாது. அதற்கு உயில் வேண்டும்.

அடுத்து மகளின் பங்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இளம் குடும்பங்களை அதிகம் வாட்டுவது இதுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கணவர் விபத்தில் போய்விட்டார். தவணை கட்ட முடியவில்லை. வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டுப் பிறந்த ஊருக்குப் போகலாம் என்று முடிவு செய்திருந்தார். வாங்குவதற்கு ஆளும் தயார். ஆனால் கணவரின் பங்கில் ஒரு பகுதி ஆறு வயதுப் பையனுக்குச் சேர்ந்திருந்தது. மைனரின் அசையாச் சொத்தை, பெற்ற தாயே ஆனாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்று 1956-இன் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அனுமதியில்லாமல் விற்றால், பையன் மேஜரானதும் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். அதனால் வாங்குகிறவரின் வக்கீலும் வங்கியும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அசையமாட்டோம் என்றார்கள். மனுப் போட்டு, மாமியாருக்கு நோட்டீஸ் போய், விசாரணை முடிந்து உத்தரவு வருவதற்குள் எட்டு மாதம். வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார், தவணையின் மேல் அபராத வட்டி ஏறியது. உத்தரவிலும், பையனின் பங்குத் தொகையை அவன் மேஜராகும் வரை வங்கி வைப்பில் போட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. குழந்தையைக் காக்கத்தான் அந்த விதி, அதில் தவறே இல்லை. ஆனால் அந்தக் கணவர் ஒரு வெள்ளைத் தாளில் "ஃபிளாட்டில் என் பாகம் முழுவதும் என் மனைவிக்கு" என்று முறைப்படி எழுதியிருந்தால் இந்த எட்டு மாதம் அந்தப் பெண்ணுக்கு வந்திருக்காது.

இனி உங்கள் பக்கம். உங்கள் கேள்வியின் வேதனை இங்கேதான் இருக்கிறது, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதாமல் காலமானால் உங்கள் அம்மாவுக்குச் சட்டப்படி ஒன்றும் கிடைக்காது. ஆண் எழுதாமல் இறந்தால் அவனுடைய தாய் முதல் வரிசை வாரிசு. பெண் எழுதாமல் இறந்தால் முதல் வரிசையில் பிள்ளைகளும் கணவரும் மட்டுமே. அவர்கள் இல்லையென்றால் அடுத்தது கணவரின் வாரிசுகள். அவர்களும் இல்லாதபோதுதான் மூன்றாவதாக அவளைப் பெற்றவர்கள். நீங்கள் சம்பாதித்து வாங்கிய பாதி ஃபிளாட்டும், அம்மா உங்களுக்குப் போட்டு அனுப்பிய நகையும்கூட இந்த வரிசையில்தான் போகும். சட்டத்தின் 15-ஆவது பிரிவு இது. நான் முதன்முதலில் படித்தபோது சரியாகத்தான் படித்தோமா என்று திரும்பப் படித்தேன்.

பிள்ளை இல்லாத பெண்ணுக்கு இது இன்னும் கொடுமையாகப் போகும். 2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், திருமணமாகிச் சில மாதங்களிலேயே கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்ட ஒரு பெண், பிறந்த வீட்டில் இருந்து படித்து வேலைக்குப் போய்ச் சொத்து சேர்த்திருந்தார். உயில் இல்லை. அவருடைய சுயசம்பாத்தியம் முழுவதும், அவரை வளர்த்து ஆளாக்கிய தாய் வீட்டுக்குப் போகாமல், இறந்த கணவருடைய சகோதரியின் மகன்களுக்குப் போனது. சட்டம் தெளிவாக இருக்கும்போது அனுதாபத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், தங்கள் சொத்துக்கு உயில் எழுதி வையுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. தமிழ்நாட்டில் எல்லோரும் பார்த்த உதாரணமும் ஒன்று உண்டு. 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா காலமானபோது உயில் எதுவும் வெளிவரவில்லை. அவருடைய அண்ணன் பிள்ளைகள் இருவரையும் வாரிசுகளாக உயர் நீதிமன்றம் அறிவித்தது 2020 மே மாதம். அவர் வாழ்ந்த வீடான வேதா நிலையத்தின் சாவி அவர்கள் கைக்கு வந்தது 2021 டிசம்பரில். சட்டம் தெரிந்த ஆலோசகர்கள் எத்தனை பேரை வைத்திருந்தாலும், எழுதாமல் போனால் அதற்குப் பின் நடப்பது நீதிமன்றத்தின் வேகத்தில்தான் நடக்கும்.

சரி, நாமினி. உங்கள் கணவர் நாமினி போட்டது நல்ல காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பணம் உடனே கைக்கு வர அதுதான் வழி. ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை. அந்தப் பணத்துக்கு உரிமையாளர் யார் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் தீர்மானிக்கும். காப்பீட்டு விஷயத்தில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது, நிறுவனப் பங்குகள் (ஷேர்) விஷயத்தில் 2023 டிசம்பரில் மறுபடி உறுதி செய்தது. இதில் ஒரு சந்தேகப் பகுதி உண்டு. 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது என்று எழுதினார்கள். அப்படியானால் மற்ற வாரிசுகளுக்கு அதில் ஒன்றுமே இல்லையா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. இந்தக் குழப்பத்தில் மாட்டாமல் இருக்க எளிய வழி, நாமினியாக யாரைப் போட்டிருக்கிறீர்களோ அவருக்கே உயிலிலும் எழுதுவது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். பி.எஃப்-இல் திருமணமான பெண்ணுக்கும் அவரை நம்பி இருக்கும் பெற்றோர் 'குடும்பம்' என்ற வரையறைக்குள் வருகிறார்கள்; எனவே அம்மாவை அங்கே சேர்க்கலாம். இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். ஆனால் ஃபிளாட்டுக்கும் நஞ்சைக்கும் நகைக்கும் நாமினி என்று ஒன்று கிடையாது. அங்கே உயில் மட்டும்தான்.

எப்படி எழுதுவது என்று கேட்டால், பலர் நினைப்பதைவிட எளிது. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். கையால் எழுதலாம், தட்டச்சும் செய்யலாம். எழுதுகிறவர் 18 வயது கடந்து, தெளிந்த மனதோடு இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் பார்க்க அவர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் பார்க்கச் சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டிய அவசியமில்லை. உயிலால் பயன்பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். கிறிஸ்தவர்களின் உயிலில் அப்படி வைத்தால் அந்தச் சாட்சிக்கு எழுதிய சொத்தே செல்லாமல் போகும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். சாட்சிகள் உங்களைவிட வயதில் சிறியவர்களாக, தேடினால் கிடைக்கக்கூடியவர்களாக இருக்கட்டும். உயிலை நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் இருவரைச் சாட்சியாகப் போட்டு, எழுதியவருக்கு முன்பே அவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்த வழக்கு ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு சாட்சியின் பழைய கையெழுத்தைத் தேடிக் கூட்டுறவு வங்கியின் கடன் விண்ணப்பம் வரை போனோம்.

உள்ளே என்ன எழுத வேண்டும் என்பதில்தான் தவறுகள் நடக்கின்றன. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மணிமணியான கையெழுத்தில் உயில் எழுதியிருந்தார். சர்வே எண், நான்கு எல்லை, பத்திர எண் எல்லாம் சரி. ஆனால் அதை எழுதி நான்கு வருடம் கழித்து ஒரு மனை வாங்கினார், உயிலைத் திருத்தவில்லை. உயிலில் உள்ள சொத்துகள் சண்டையில்லாமல் பிரிந்தன. அந்த ஒரு மனைக்கு மட்டும் பிள்ளைகள் ஒன்பது வருடம் நீதிமன்றம் ஏறினார்கள். "மேலே சொல்லாத, இனி நான் சம்பாதிக்கப்போகிற எல்லாச் சொத்துகளும் இன்னாருக்கு" என்ற ஒரு வரி இருந்திருந்தால் போதும். அதேபோல, யாருக்கு எழுதுகிறீர்களோ அவர் உங்களுக்கு முன்பே போய்விட்டால் அடுத்தது யார் என்றும் எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே உயில் எழுதும் வழக்கம் நம் பக்கம் உண்டு. வேண்டாம், இரண்டு தனித்தனி உயிலாக எழுதுங்கள். ஒருவர் போன பிறகு மற்றவர் அதை மாற்றலாமா கூடாதா என்ற வழக்குக்குக் கூட்டு உயில் வாசலைத் திறந்துவிடும்.

யாருக்காவது குறைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். "என் மாமியாருக்கு என் கணவர் தனியே ஏற்பாடு செய்திருப்பதால்" என்பது போல. உயில் இயல்புக்கு மாறாக இருந்தாலோ, பயன்பெறுகிறவரே முன்நின்று எழுத வைத்திருந்தாலோ, கையெழுத்து நடுங்கியிருந்தாலோ, அந்தச் சந்தேகங்களை உயிலைக் கொண்டுவருகிறவர்தான் தீர்க்க வேண்டும் என்று 1959-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, இன்றும் அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் வாதாடுகிறோம். "அறுபதுக்கு மேல்" என்று தள்ளிப்போடுவதற்கு என் மறுப்பும் இதிலேயே இருக்கிறது. 42 வயதில், வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது எழுதிய உயிலை, புத்தி சரியில்லாமல் எழுதினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எழுதிவிட்டால் சொத்து கைவிட்டுப் போகவும் போகாது. உயிருள்ள வரை விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலைக் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். செல்லுபடியாகும் உயில்களில் கடைசியாக எழுதியதே நிற்கும்.

அம்மாவுக்கு எப்படி எழுதுவது? என் கருத்து இது: வைப்புத் தொகையிலும் நகையிலும் ஒரு பகுதியை அம்மாவுக்கு முழு உரிமையாக எழுதுங்கள். மருந்துச் செலவுக்கு அவர் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியிருக்காது. ஃபிளாட்டில் உங்கள் பாதியை மகளுக்கோ கணவருக்கோ எழுதி, அம்மா தன் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கலாம் என்ற உரிமையைச் சேருங்கள். இந்த ஒரு பத்தியை மட்டும் இணையத்தில் பார்த்து எழுதாமல் ஒரு வக்கீலிடம் கொடுத்து எழுதுங்கள். "அம்மாவுக்கு முழு உரிமையுடன், அவருக்குப் பின் மகளுக்கு" என்று எழுதினால் பின்பாதி செல்லாமல் போகலாம், முழு உரிமை கொடுத்த பிறகு மிச்சம் எதுவும் இல்லை என்பதால். ஆயுள்கால உரிமை மட்டும் என்று எழுதினாலும், பெண்ணுக்குக் கொடுத்த அத்தகைய உரிமை ஜீவனாம்சத்துக்கு ஈடாகக் கொடுத்ததென்றால் முழு உரிமையாக மாறிவிடுமா என்பதில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவை ஒட்டித் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. உங்கள் அம்மா விஷயத்தில் அது பிரச்சினை ஆகுமா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். குடியிருக்கும் உரிமை மட்டும், விற்கும் உரிமை இல்லை என்று தெளிவாக எழுதுவது பாதுகாப்பு என்று மட்டும் சொல்வேன்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் 9 வயதுப் பெண் இருக்கும் வீட்டில் நான் கேட்காமல் விடமாட்டேன். இருவரும் ஒரே பயணத்தில் போய்விட்டால் பெண் யாரிடம் வளர வேண்டும்? இரண்டு உயிலிலும் ஒரே ஆளைக் காப்பாளராக எழுதுங்கள். நீதிமன்றம் கடைசியில் குழந்தையின் நலனைத்தான் பார்க்கும் என்றாலும், பெற்றோர் எழுதிய பெயருக்கு நல்ல எடை உண்டு. வளர்க்கிறவர் ஒருவராகவும் பணத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வேறொருவராகவும் இருப்பது நல்லது. இருவரும் நல்லவர்களாகவே இருந்தாலும் கணக்கு ஒருவருக்கொருவர் தெரியும்.

பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்யாத உயிலும் முழுக்கச் செல்லும். ஆனாலும் நான் எல்லோரிடமும் பதிவு செய்யச் சொல்கிறேன். காணாமல் போனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருக்கும், பிறகு யாரும் ஒரு பக்கத்தை மாற்ற முடியாது. இதற்குக் காலக்கெடு இல்லை, உடம்பு முடியாதவர் என்றால் பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம். உயிலைத் தனிப் புத்தகத்தில் பதிவதால் வில்லங்கச் சான்றில் தெரியாது. நீங்கள் உயிருடன் இருக்கும்வரை உங்களுக்கோ, உங்கள் அதிகாரம் பெற்றவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். உறவுக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். பதிவு செய்துவிட்டால் நிரூபிக்க வேண்டியதே இல்லை என்று சில பத்திர எழுத்தர்கள் சொல்வார்கள், அது தவறு. வழக்கு வந்தால் சாட்சி வந்தே ஆக வேண்டும். சென்னை சொத்து என்றால் உயர் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்காமல் உயில் செல்லாது என்று யாராவது பயமுறுத்தலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் எல்லைக்குள் (அது நேரடியாக உரிமையியல் வழக்கு விசாரிக்கும் பகுதிக்குள்) எழுதிய, அல்லது அங்கே உள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்கு நெடுங்காலம் அந்தக் கட்டாயம் இருந்தது உண்மை. 2025 இறுதியில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது.

உயிலுக்குப் பதில் இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடலாமே என்று அம்மாவிடமோ மாமியாரிடமோ யாராவது யோசனை சொன்னால் அவசரப்பட விடாதீர்கள். செட்டில்மெண்ட் எழுதிய அன்றே சொத்து போய்விடும், நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007-இன் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும்போது அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

கும்பகோணம் நஞ்சையைப் பற்றி என்னால் பத்திரம் பார்க்காமல் சொல்ல முடியாது. அப்பா வழியில் வந்தது என்பதாலேயே அது பூர்வீகம் ஆகிவிடாது. மாமனாரின் சுயசம்பாத்தியமாக இருந்து, அவர் எழுதாமல் காலமாகியிருந்தால், உங்கள் கணவர் பங்கு அவருடைய சொந்தச் சொத்து. ஆனால் மாமியாருக்கும், கொழுந்தனாருக்கும், நாத்தனார் இருந்தால் அவருக்கும் அதே அளவு பங்கு உண்டு. பட்டா கணவர் பெயரில் மட்டும் இருப்பது அதை மாற்றாது. உண்மையிலேயே கூட்டுக்குடும்பப் பூர்வீகம் என்றால், 2005 திருத்தத்துக்குப் பின் உங்கள் மகளுக்கே அதில் பிறப்பால் உரிமை இருக்கலாம். அப்போதும் கணவர் தன் பங்கை மட்டும் உயில் எழுதலாம். மூலப்பத்திரம், மாமனார் காலத்துப் பட்டா, பாகப்பத்திரம் ஏதாவது இருந்தால் அது, மூன்றையும் ஒருவரிடம் காட்டிவிட்டு அந்தப் பத்தியை எழுதட்டும். இதைப் படிக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: இறுதிச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயில் எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும், வாரிசு ஒருவருக்கே எழுதினாலும் சம்மதம் தேவை. நான் மேலே சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தாது.

உயிலோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். எந்த வங்கியில் எந்தக் கணக்கு, பாலிசி எண், லாக்கர் சாவி எங்கே, யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம், யாரிடம் வாங்கியிருக்கிறோம், வீட்டுக் கடனுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறதா. பத்து வருடம் யாரும் கேட்காத வைப்புகளை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பிவிடுகின்றன. 2024 மார்ச் இறுதியில் அந்த நிதியில் 78,213 கோடி ரூபாய் இருந்தது. அதில் எத்தனையோ வீட்டுப் பணம், யாருக்கும் சொல்லாமல் போனவர்களின் பணம். ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். உங்கள் அப்பா பெயரிலும் மாமனார் பெயரிலும் ஒருமுறை தேடுங்கள்.

கணவரிடம் சாவைப் பற்றிப் பேச வேண்டாம். ஃபிளாட்டில் ஆறில் ஒரு பங்கு கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள், மைனர் பங்கை விற்க நீதிமன்றம் போக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலான ஆண்கள் அந்த இடத்தில் பேனாவைத் தேடுவார்கள் என்பது என் அனுபவம். அவர் அப்போதும் பிறகு பார்க்கலாம் என்றால், நீங்கள் காத்திருக்க வேண்டாம். உங்கள் பாதி ஃபிளாட்டுக்கும், உங்கள் நகைக்கும், உங்கள் பெயரில் உள்ள பணத்துக்கும் நீங்கள் எழுதும் உயிலுக்கு அவருடைய சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை. அலுவலகத்தில் உங்களோடு வேலை செய்யும் இருவர் சாட்சியாக வந்தால் போதும்.